வாழ்த்துச் செய்தியும் அளவு நாடாவும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து ஆறுதலாக வாசியுங்கள். மலர்க்குழுவில் இருக்கும் நானாமாரும் தம்பிமாரும் கட்டாயம் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

நம் பகுதியில் மலர் வெளியிடாத சங்கம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு என்றால் மலர், விளையாட்டுக் கழகத்துக்கு வெள்ளிவிழா என்றால் மலர், பள்ளிவாசலுக்கு மேல்மாடி திறந்தாலும் மலர். ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரித்தான். பளபளக்கும் அட்டை. திருப்பினால் அமைச்சரின் செய்தி, பிரதேச செயலாளரின் செய்தி, பணிப்பாளரின் செய்தி, தலைவர், செயலாளர், பொருளாளர். எல்லாருக்கும் "மட்டற்ற மகிழ்ச்சி". பிறகு குழுப் படம். இரண்டாம் வரிசையில் யாரோ ஒருவரின் பெயர் விடுபட்டிருக்கும், அதனால் ஒரு வருஷக் கோபம். பிறகு இரண்டு கட்டுரை, நாலு கவிதை. மிச்சமெல்லாம் ஹார்ட்வெயார் கடை விளம்பரம். விளம்பரத்தை நான் குறை சொல்லவில்லை. அச்சுக்கூலி அதிலிருந்துதான் வருகிறது.

இந்த முறை மலர் போடப் போவது கட்டுக்கரைப் பக்கத்து மேசன்மாரும் ஓடாவிமாரும் சேர்ந்து நடத்தும் சங்கம். "டீச்சர், நீங்கதான் இத ஒழுங்குபடுத்தித் தரணும்" என்று கோப்பை என்னிடம் தந்தார்கள். பத்தொன்பது வாழ்த்துச் செய்திகள், இருபத்தாறு விளம்பரங்கள், நிர்வாக சபையின் படம். வாழ்நாள் முழுக்கச் சுவர் எழுப்பியவர்களின் மலரில் ஒரு சுவரின் படம்கூட இல்லை. ஒரு வீட்டின் பெயரும் இல்லை.

கட்டடம் கட்டுகிறவர்கள் மற்ற இடங்களில் தங்கள் நினைவுப் புத்தகத்தை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். வடிவமைப்புக்கு நாலு யோசனை கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். கிடைத்ததோ ஒரு வரலாறு. அதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் பாவா. கோட்டேயில் 1982 இல் திறந்த பாராளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த ஜெஃப்ரி பாவாதான். பெயரைக் கேட்டதும் வகுப்பில் பிள்ளைகள் "நம்மட ஆளா டீச்சர்?" என்பார்கள். தந்தைவழிப் பாட்டனார் இலங்கை முஸ்லிம். தாய்வழி பறங்கியர். 1919 இல் பிறந்தவர்; சட்டம் படித்து, அதைக் கைவிட்டு, 38 வயதில்தான் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றார். வயது போய்விட்டதென்று படிப்பை நிறுத்தும் நம் பையன்களுக்கு இதை அடிக்கடி சொல்வேன்.

1986 இல் லண்டனில், பிரித்தானியக் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவகத்தில், பாவாவின் வேலைகளுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. 1834 இல் தொடங்கிய சங்கம் அது. கண்காட்சியை ஒட்டி அதே ஆண்டில் ஒரு புத்தகமும் வந்தது. பிரையன் பிரேஸ் டெய்லர் எழுதியது, சிங்கப்பூரிலிருந்து வெளியிட்டார்கள். அட்டை வெள்ளை என்பதால் அந்தத் துறையில் எல்லாரும் அதை "வெள்ளைப் புத்தகம்" என்றே சொல்கிறார்கள்.

அந்தப் புத்தகத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை அதன் வரைபடங்கள். தளப்படம் என்றால் என்னவென்று நம் மேசன்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து வீட்டைப் பார்த்தால் தெரிவது தளப்படம். பலாப்பழத்தைப் பிளந்த மாதிரி வீட்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிவது வெட்டுமுகம். இரண்டும் அளவோடு இருந்தால் ஒரு வீட்டை மனதுக்குள் எழுப்பிவிடலாம். புகைப்படம் வீட்டின் முகத்தை மட்டும் காட்டும். அடுப்படியிலிருந்து கிணற்றுக்கு எத்தனை எட்டு என்று அதில் தெரியாது.

பாவாவின் கந்தோரில் வரைந்த படங்களில் இன்னொரு விசேஷம் உண்டு. சாதாரணப் படத்தில் மரம் என்றால் ஒரு வட்டம். இவர்கள் கிளை கிளையாக, இலை இலையாக வரைந்தார்கள். என்ன மரம் என்று பெயர் சொல்லலாம். வீட்டுக்குள் மரம் இருந்தால் படத்திலும் அந்த மரமே இருக்கும். சும்மா அழகுக்குச் செய்தது என்று நினைக்கவேண்டாம். இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்த வரைமுறை எங்கே உருவானது? 1958 இல் உல்ரிக் பிளெஸ்னர் என்ற டென்மார்க் இளைஞர் இலங்கைக்கு வேலைக்கு வந்தார். முதலில் கண்டியில் மினெற் டி சில்வாவிடம்; அடுத்த ஆண்டு பாவாவோடு சேர்ந்துகொண்டார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம். எல்லாருக்கும் புதிய கொங்கிறீற் வீட்டில்தான் ஆசை. பழைய வீடுகளைத் தட்டிவிட்டுக் கட்டிக்கொண்டிருந்த காலம். பிளெஸ்னரும் ஓவியர் பார்பரா சன்சோனியும், லக்கி சேனாநாயக்க, இஸ்மத் ரஹீம் என்ற இரண்டு இளைஞர்களும் சேர்ந்து 1960 களில் அளவு நாடாவோடு புறப்பட்டார்கள். விகாரை, வளவு, வழிப்போக்கர் தங்கும் அம்பலம், விறாந்தை வைத்த பழைய வீடு என்று கண்டதையெல்லாம் அளந்தார்கள், வரைந்தார்கள். மரத்தை மரமாகவே வரையும் பழக்கத்தை அந்தக் கந்தோருக்குக் கொடுத்தவர்கள் லக்கியும் இஸ்மத்தும்தான். இஸ்மத் ரஹீம் பிறகு கட்டடக்கலைஞராகவும், இலங்கையின் பழைய புகைப்படங்களின் வரலாற்றை எழுதியவராகவும் பெயர் பெற்றார். நம் சமூகத்தில் டொக்டரையும் இன்ஜினியரையும் தெரிகிற அளவுக்கு இப்படிப்பட்டவர்களைத் தெரியாது. அது வேறு கதை.

அவர்கள் அளந்தபோது புத்தகம் என்று ஒன்று கையில் இல்லை. சன்சோனியின் படங்கள் 1978 இல் ஒரு நூலாக வந்தன. எல்லாவற்றையும் சேர்த்த பெரிய நூல் 1998 இல் வந்தது. றொனால்ட் லூகொக், சன்சோனி, லக்கி சேனாநாயக்க என்று மூவர் பெயரில். நாடாவைக் கையில் எடுத்ததற்கும் அச்சுக்கும் இடையே முப்பது வருஷத்துக்கு மேல். மலர்க்குழு இதைக் கவனிக்க வேண்டும். நாம் விழாத் திகதியை முதலில் வைக்கிறோம், மண்டபத்தைப் பதிகிறோம், பிறகு புத்தகத்துக்குள் போட என்ன இருக்கிறது என்று தேடுகிறோம். அவர்களிடம் முதலில் அளவு இருந்தது.

அதே 1998 இல் இன்னொரு புத்தகமும் வந்தது. எனக்கு இதுதான் மனதுக்குக் கிட்ட. பிளெஸ்னரை இலங்கைக்கு வரவழைத்த மினெற் டி சில்வாவின் புத்தகம். கண்டிக்காரர், 1918 இல் பிறந்தவர். பம்பாயில் கட்டடக்கலை படிக்கும்போது காந்தியின் கைதுக்கு எதிரான போராட்டத்தில் சேர்ந்ததற்காகக் கல்லூரியிலிருந்து வெளியேற்றினார்கள். லண்டனுக்குப் போய்ப் படிப்பை முடித்தார். நான் மேலே சொன்ன அதே லண்டன் நிறுவகத்தில் 1948 இல் உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் முதல் ஆள். ஊருக்குத் திரும்பி 1949 முதல் 1951 வரை கண்டி மலைச்சரிவில் கருணாரத்ன வீட்டைக் கட்டினார். புது மாதிரி வீடு. ஆனால் உள்ளே நம் நாட்டுக் கைவினைஞர்கள் செய்த சுடுமண் ஓடும், தும்பறைப் பாய் நெசவும். 1950 களின் கடைசியில் வட்டபுளுவ வீட்டுத்திட்டத்தில் அவர் செய்தது இன்னும் பெரிது. வீடு கட்டும் முன்னர் குடிவரப் போகிற பல சமூகத்துக் குடும்பங்களிடம் கேள்விப் பத்திரம் கொடுத்தார்: நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள், எங்கே சமைக்கிறீர்கள், என்ன வேண்டும்? இன்றைக்கும் வீட்டுத்திட்டத்தில் இப்படிக் கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

இப்படிப்பட்டவருக்குப் பின்னாளில் வேலைகள் குறைந்துபோயின. இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 1996 இல். அப்போது அவருக்கு வயது 78. பதக்கம் கொடுத்தது சங்கம், புத்தகத்தை அவரே செய்துகொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளை கொப்பியில் படம் வெட்டி ஒட்டும் மாதிரியே செய்த புத்தகம் அது. பத்திரிகைத் துண்டு, கடிதம், தளப்படம், வீட்டுக்காரர்கள் சொன்னது, பிக்காசோவோடு நிற்கும் படம், பெற்றோரின் கதை எல்லாம் ஒரே பக்கத்தில் முட்டி மோதும். நேர்த்தியான வடிவமைப்பாளர் ஒருவர் அதைப் பார்த்தால் தலையில் கைவைப்பார். ஆனால் எதையும் விட்டுவிடக்கூடாது என்ற தவிப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரியும். 1998 நவம்பரில் அவர் காலமானார். இரண்டாம் பாகம் வரவேயில்லை. கண்டியில் அவர் வாழ்ந்த வீடு சிதைந்து போனது. அவருடைய காகிதங்களில் பெரும்பகுதி தொலைந்தது. கட்டிய வீடுகள் சில உருமாறின, சில இல்லாமலே போயின. இன்று அவரைப் பற்றி யார் எழுதினாலும் அந்த ஒட்டுக்கொப்பிப் புத்தகத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள்.

படம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கொழும்பு கொள்ளுப்பிட்டியில் 1960 முதல் 1962 வரை பாவா கட்டிய ஏனா டி சில்வா வீடு. வீதிக்குச் சுவரைக் காட்டி, உள்ளே முற்றத்தைச் சுற்றி அறைகள். நம் நாற்சார் வீட்டுக்கு ரொம்பக் கிட்ட. வீடு கைமாறி, இடிபடும் நிலை வந்தது. பாவாவின் அறக்கட்டளைக்காரர்கள் 2009 அளவில் அந்த வீட்டைத் துண்டு துண்டாகக் கழற்றினார்கள். கல்லுக்கும் மரத்துக்கும் இலக்கமிட்டு, அளந்து, லொறியில் ஏற்றி, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்கையில் பாவாவின் தோட்டத்து வளவில் திரும்ப எழுப்பினார்கள். 2016 இல் வேலை முடிந்தது. ஒரு வீடு ஊர் விட்டு ஊர் போய் எழும்பி நிற்கிறது. பணமும் ஆள்பலமும் இருந்ததால்தானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அளவு இல்லாமல் எவ்வளவு பணம் இருந்தும் அதைச் செய்திருக்க முடியாது.

பணமும் இல்லாத, ஊரும் இல்லாத ஒரு இடத்தின் கதையையும் சொல்கிறேன். போலந்தின் தலைநகர் வார்சோ. 1944 இல் ஜேர்மன் நாஸிப் படைகள் அந்த நகரத்தைத் திட்டமிட்டு வீடு வீடாகத் தகர்த்தன. பழைய நகரத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தரைமட்டம். போருக்கு முன்னர் அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் பயிற்சிக்காகப் பழைய வீடுகளை அளந்து படம் வரைந்திருந்தார்கள். பாடத்துக்கான வேலை. புள்ளி வாங்கச் செய்தது. அந்தப் படங்களை ஆசிரியர்கள் நகரத்துக்கு வெளியே, பியோத்ர்கூவ் என்ற ஊரின் மடாலயம் ஒன்றில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். போர் முடிந்து சனங்கள் திரும்பி வந்தபோது அந்தப் படங்களையும் பழைய ஓவியங்களையும் வைத்துத்தான் பழைய நகரத்தைத் திரும்பக் கட்டினார்கள். 1980 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வகுப்பறையில் அளவுத்திட்டப் படம் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

இனி நம் பக்கம்.

மன்னாரில் எழுதி வைத்த கட்டடங்கள் இல்லாமல் இல்லை. மன்னார்க் கோட்டை 1560 இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தது, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் டொரிக் பங்களா, முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்காக 1801 முதல் 1804 வரை கட்டியது. கடல் அதை ஒவ்வொரு வருஷமும் அரித்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அது எப்படி இருந்தது என்று தெரியும். 1807 இல் லண்டனில் அச்சிட்ட கோர்டினர் பாதிரியாரின் நூலில் அதைப் பற்றி இருக்கிறது. ஆளுநர் சலாபம் பார்க்க வந்து தங்கிய பங்களாவின் தூணைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதே கரையில் கடலுக்குள் குதித்தவர்களின் குடிசை எப்படி இருந்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லை.

நம் கட்டுக்கரைக் குளமும் அப்படித்தான். அருவியாற்றில் தேக்கம் அணையைக் கட்டித் தண்ணீரைத் திருப்பிக் குளத்தை நிரப்பியவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னரே மட்டம் பார்க்கத் தெரிந்தவர்கள். இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்த ஹென்றி பார்க்கர், 1909 இல் வெளியான தன் நூலில், பழைய குளங்களின் கலிங்கையும் மதகையும் மட்டுமல்ல, செங்கல்லின் நீளம், அகலம், கனத்தையும் எழுதிவைத்தார். கல்லின் அளவைக் கொண்டு அது எந்தக் காலத்துக் கட்டு என்று கணிக்கலாம் என்பது அவர் கணக்கு. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் கட்டுக்கரைப் பகுதியில் அகழ்ந்தபோது சுடுமண் உருவங்கள் வந்தன. ஈராயிரம் வருஷத்து மண்ணைக் கிளறி அளக்கிறோம். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் இருந்த நம் வீட்டின் அளவு நம்மிடம் இல்லை.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரம் பேருக்கு மேல். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு. முசலிப் பக்கத்திலிருந்து காட்டு வழியே தெற்கே. உடுத்த உடுப்போடு போனவர்கள் வீட்டுப் படத்தையா எடுத்துப் போவார்கள்? நான் புத்தளத்து முகாமில் பிறந்தவள். ஊர் என்றால் எனக்கு முதலில் ஒரு பேச்சு. "நம்மட வீட்டு விறாந்தையில நூறு பேர் இருந்து சாப்பிடலாம்" என்று உம்மும்மா சொல்வா. நூறு பேரா, முப்பது பேரா, இனி யார் சொல்வது? இது முஸ்லிம்களுக்கு மட்டும் வந்ததுமல்ல. 2007, 2008 இல் சண்டை இந்தப் பக்கம் வந்தபோது அடம்பன், விடத்தல்தீவு என்று கட்டுக்கரையைச் சுற்றியிருந்த தமிழ்ச் சனங்களும் வீட்டை விட்டு ஓடினார்கள். வேதக்காரர், சைவர், முஸ்லிம் என்று பார்த்து ஷெல் விழவில்லை.

2009 க்குப் பிறகு திரும்பி வந்தபோது பல கிராமங்களில் காடு மண்டிக் கிடந்தது. சுவர் இல்லை, அத்திவாரக் கல்லையும் கழற்றிப் போயிருந்தார்கள். எங்கள் பெரியவர்கள் வளவை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கிணற்றை வைத்து. கிணறு தூர்ந்திருந்தால் மரத்தை வைத்து. "இந்தப் புளிதான், இதுக்குக் கிழக்கால பதினைஞ்சு எட்டு வச்சா தலைவாசல்" என்று வாப்பா நடந்து காட்டினார். இதனால்தான் மேலே மரத்தைப் பற்றிச் சொன்னேன். வட்டம் போட்டு விடக்கூடாது. என்ன மரம், எந்தப் பக்கம், எத்தனை எட்டு என்று இருக்க வேண்டும். வீடு போனாலும் மரம் நிற்கும்.

திரும்பி வந்தவர்களுக்கு வீட்டுத்திட்டங்கள் வந்தன. இந்தியாவின் உதவியில் நாடு முழுக்க 50,000 வீடுகள். புதிய வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். வேறு நாடுகளின் உதவியும் வந்தது. கூரையில்லாமல் இருந்தவனுக்கு அது ரஹ்மத். நன்றி மறக்கக் கூடாது. அந்த வீடுகளைக் கட்டியதும் நம் மேசன்மார்தான். ஆனால் ஒரு ஹோல், இரண்டு அறை, ஒரு குசினி என்று வரிசையாக எழும்பிய வீடுகளில் பெண்கள் இருந்து பாய் இழைக்கும் திண்ணை எங்கே? ஆண்கள் வந்தால் தெரியாமல் கிணற்றடிக்குப் போகும் பின்வாசல் எங்கே? வட்டபுளுவவில் மினெற் கேட்ட கேள்வியை இங்கே கேட்டிருந்தால்கூட, "எங்கட பழைய வீடு இப்படி" என்று நீட்ட நம்மிடம் ஒரு தாள் இருந்திருக்காது.

ஆகவே, மலரைப் பற்றி என் யோசனை இது. சங்கத்தில் சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும்.

பத்தொன்பது வாழ்த்துச் செய்திகளையும் ஒரே பக்கத்தில் பெயர்ப் பட்டியலாகப் போடுவோம். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வந்தால் என்னிடம் அனுப்புங்கள். நடுவில் நாற்பது பக்கம் வீடுகளுக்கு. வர்ணம் தேவையில்லை. கோட்டுப்படத்துக்குக் கறுப்பு மை போதும், அச்சுச் செலவும் இறங்கும். ஏ4 தாளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுத்திட்டம் வசதி: வீட்டின் ஒரு மீற்றர் தாளில் ஒரு சென்ரிமீற்றர். அறுபது அடி நீளமான வீடும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எண்களைப் படத்திலேயே எழுத வேண்டும். இத்தாலியில் பல்லாடியோ 1570 இல் தன் புத்தகத்தில் அப்படித்தான் செய்தார். அறைக்குள்ளேயே நீள அகலம். தாள் சுருங்கினாலும் எண் சுருங்காது.

இன்னும் நிற்கிற பழைய வீடுகள் முதலில். தீவிலும் பெருநிலத்திலும் சிலது இருக்கின்றன; பனை வளையும் கள்ளிக்கோட்டை ஓடும் வைத்தவை. அடுத்த மாரிக்கு நிற்குமோ தெரியாத நிலையில் சில. மேசன்மாரிடம் நாடா, மட்டம், தூக்குக்குண்டு எல்லாம் இருக்கிறது. என்னிடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் சதுரக் கொப்பியும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கணிதப் பாடத்தில் அளவுத்திட்டப் படம் இருக்கவே இருக்கிறது. ஒரு சனிக்கிழமைக்கு ஒரு வீடு முடிக்கலாம்.

இல்லாமல் போன வீடுகள் கஷ்டம். நினைவிலிருந்து வரைய வேண்டும். சின்ன வயதில் ஓடித்திரிந்த முற்றம் மனதுக்குள் பெருத்துவிடும், எல்லாருக்கும் அப்படித்தான். அதனால் ஒரே வீட்டைப் பற்றி இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பேசச் சொல்லாமல் நடக்கச் சொல்ல வேண்டும். அத்திவாரம் இருந்தால் அதன் மேலேயே. இல்லாவிட்டால் பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு. "இது மால், இது அறை, இங்கதான் அடுப்படி" என்று அவர்கள் நடந்தால் பின்னாலேயே நாடா போகும். பெண்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும். ஆண்களுக்குத் தலைவாசல் தெரியும், அடுப்படியின் புகைப்போக்கி எந்தப் பக்கம் என்று தெரியாது. 1990 இல் நாற்பது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்து. புத்தளத்திலும் இங்கேயும் மையித்துச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு வீடும் சேர்ந்து அடக்கமாகிறது.

இன்னொன்று. கட்டடக்கலைஞர்களின் புத்தகங்களில் கட்டடக்கலைஞரின் பெயர்தான் பெரிதாக நிற்கும். சுவரை எழுப்பியவரின் பெயர் அரிதாகத்தான் வரும். இது மேசன்மாரின் மலர். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வீட்டுக்காரரின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கட்டும். அத்திவாரம் போட்டது யார், கூரை ஏற்றிய ஓடாவி யார், சுண்ணாம்பு சுட்டது யார் என்பது பெரிய எழுத்தில். எந்த இனத்தவர் என்று பார்க்காமல் எழுதுவோம். பழைய பள்ளிவாசல்களுக்குக் கல் வைத்தவர்களில் தமிழ் மேசன்மாரும் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெயர்களும் வரட்டும்.

படம் கேட்டால் "நம்மளிட்ட ஒண்ணுமில்ல டீச்சர்" என்கிறீர்கள். கல்யாணப் படம் இருக்குமே? முகாமுக்குக் கொண்டுபோன இரும்புப் பெட்டியின் அடியில், புத்தளத்துச் சொந்தக்காரர் வீட்டில், சவூதிக்குப் போன தம்பிக்கு அந்தக் காலத்தில் அனுப்பிய கடிதத்துக்குள். மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டாம். அவருக்குப் பின்னால் நிற்கும் கதவைப் பாருங்கள், யன்னல் கம்பியைப் பாருங்கள், தூணின் அடியைப் பாருங்கள். மாப்பிள்ளையின் உயரம் தெரிந்தால் கதவின் உயரத்தைக் கணித்துவிடலாம்; பிள்ளைகளுக்கு அது நல்ல கணக்கு. சட்டத்திலிருந்து கழற்றாதீர்கள், பழைய படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், கிழிந்துவிடும். சட்டத்தோடேயே கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மூன்று மணிவரை இருப்பேன். உங்கள் முன்னாலேயே பிரதி எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தந்துவிடுகிறேன்.